முதல் மணியும் கடைசி மணியும்

(நூற்றாண்டு விழாவையொட்டி ஆரம்பப் பிரிவு மண்டபத்தில் நடைபெற்ற ஒன்றுகூடலில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிள்ளைகளின் ஆரோக்கியம் பற்றிப் பேசும்படி சங்கச் செயலாளர் கேட்டிருந்தார். வைத்தியர் ஒருவரை மேடையேற்றினால் தடுப்பூசி, போசாக்கு, டெங்கு என்று பேசுவார் என எதிர்பார்ப்பது நியாயமே. அவை பற்றியும் கொஞ்சம் சொல்வோம். ஆனால் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றிலும் சிறியது. தரம் 1 இல் சேரும் ஒரு பிள்ளை, காலை 7.30 மணிக்கு அடிக்கும் முதல் மணிக்கும் 11.30 மணிக்கு அடிக்கும் கடைசி மணிக்கும் இடையில், ஒவ்வொரு நாளும் ஒரே ஒழுங்கில் செய்யும் சின்னச் சின்னக் காரியங்களைப் பற்றியே பேசப்போகிறோம். சப்பாத்தை எங்கே கழற்றி வைப்பது, பையை எங்கே கொழுவுவது, கை எப்போது கழுவுவது, மலசலகூடத்துக்குப் போக யாரிடம் எப்படிச் சொல்வது, வீட்டுக்குப் போகுமுன் என்ன செய்வது என்பவைதான் எங்கள் பொருள்.

இங்கே நிற்பது ஒருத்தி என்றாலும் பேசுவது "நாங்கள்". 1990 தை மாதம் இந்தக் கல்லூரியில் ஆண்டு 1 இல் சேர்ந்த முப்பத்தெட்டுப் பேர் நாங்கள். இந்த உரையை எழுதத் தொடங்குமுன் எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி கேட்டோம்: "ஆண்டு 1 இல் உங்களுக்கு என்ன ஞாபகம்?" ரொறன்ரோ, லண்டன், மெல்பேர்ண், பாரிஸ், கொழும்பு, வவுனியா என்று எல்லா இடங்களிலிருந்தும் பதில் வந்தது. ஒருத்திகூட ஒரு பாடத்தைப் பற்றி எழுதவில்லை. சப்பாத்து வைத்த கோடு, பை கொழுவிய ஆணி, கிணற்றடியில் தண்ணீர் ஊற்றிய பேணி, இடாப்பு வாசித்த குரல் ஆகியவற்றைப் பற்றித்தான் எல்லோரும் எழுதியிருந்தார்கள். முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் மனதில் நிற்கிறதென்றால் அதை ஆராய்ந்து பார்ப்பது தகும் என்று நினைத்தோம்.

முதலில், எங்கள் ரீச்சர் அந்த ஒழுங்கை எப்படி உண்டாக்கினார் என்று சொல்கிறோம்.

முதல் நாள் அவர் எழுத்தும் படிப்பிக்கவில்லை, எண்ணும் படிப்பிக்கவில்லை. வகுப்பு வாசலில் வெண்கட்டியால் நீளமாக ஒரு கோடு கீறியிருந்தார். "பிள்ளையள், சப்பாத்தைக் கழட்டி இந்தக் கோட்டிலை வையுங்கோ. மூக்கு வெளியைப் பாக்கட்டும்" என்றார். சப்பாத்துக்கு மூக்கு உண்டு என்பதே எங்களுக்குப் பெரிய சிரிப்பு. முதலில் தன் செருப்பைக் கழற்றி வைத்துக் காட்டினார். பிறகு இருவர் இருவராக வைத்தோம். பிழையாக வைத்தவளை ஏசவில்லை, "இன்னொருக்கால் செய்து பாப்பமோ?" என்று கேட்டார். அன்று காலை நாலைந்து தரம் சப்பாத்துப் போட்டுக் கழற்றினோம். அது எங்களுக்கு விளையாட்டாக இருந்தது.

இரண்டாம் நாள் பை. சுவரில் முப்பத்தெட்டு ஆணி. ஒவ்வோர் ஆணிக்கும் மேலே ஒரு படம். எழுத்துத் தெரியாத பிள்ளைக்குப் பெயர் எழுதி ஒட்டினால் பயனில்லை என்பதால் மாம்பழம், மயில், குடை, பூட்டு என்று அவரே கீறி ஒட்டியிருந்தார். குடைக்காரி இன்று லண்டனில் கணக்காளர். குழுவில் இன்றும் குடைப் படம்தான் அவளுடைய அடையாளம்.

மூன்றாம் நாள் கிணற்றடி. அங்கே அவர் வகுத்த ஒழுங்கை மறக்கவே முடியாது. இருவர் சோடியாகப் போக வேண்டும். ஒருத்தி பேணியால் ஊற்ற மற்றவள் கழுவுவாள், பிறகு மாறி. தனக்குத் தானே ஊற்றக் கூடாது. அதற்கு அவர் காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இப்போது யோசித்தால், ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு கையால் பேணியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையைத் தேய்த்துக் கழுவ முடியாது என்பது விளங்குகிறது. இன்னொருத்தி ஊற்றினால்தான் இரண்டு கையும் ஒன்றோடொன்று தேயும். சத்திரசிகிச்சைக் கூடத்தில் முழங்கையால் குழாயைத் திறந்து கை கழுவும்போதெல்லாம் எங்களுக்கு அந்தப் பேணி ஞாபகம் வரும்.

இப்படி ஒரு நாளைக்கு ஒன்றாக, இரண்டு மூன்று கிழமை சென்றது. "பள்ளிக்கூடம் தொடங்கி மூண்டு கிழமையாச்சு, இன்னும் 'அ' எழுதேல்லை" என்று சில தாய்மார் முறைப்பட்டார்களாம். ரீச்சர் என்ன பதில் சொன்னாரோ தெரியாது. ஆனால் மாசி மாத நடுப்பகுதியில், அவர் வாயைத் திறக்காமலே நாங்கள் வந்து, வைத்து, கொழுவி, கழுவி, பாயில் இருந்துவிடுவோம். அதன் பிறகு "அ" வெகு விரைவாக வந்தது.

அந்த வருடம் ஆனி மாதம் மீண்டும் யுத்தம் தொடங்கியது. மின்சாரம் நின்றது. யாழ்தேவி நின்றது. பாடசாலை சில காலம் நடக்கவில்லை. திரும்பி வந்தபோது வளவில் ஒரு பதுங்குகுழி வெட்டப்பட்டிருந்தது. ரீச்சர் அதையும் சப்பாத்துக் கோடு மாதிரியே பழக்கினார். ஒருத்தியின் தோளில் மற்றவள் கை வைப்பது. ஓடாமல் விரைந்து நடப்பது. படியில் குந்தி இறங்குவது. உள்ளே போனதும் காதைப் பொத்திக்கொண்டு குனிந்திருப்பது. ரீச்சர் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்க நாங்களும் சேர்ந்து எண்ணுவது. விமானம் வராத நாளிலும் கிழமைக்கு ஒருமுறை பழகினோம். நாங்கள் நூறு வரை எண்ணப் பழகியது பதுங்குகுழிக்குள்தான் என்று பாரிஸிலிருந்து ஒருத்தி எழுதியிருந்தாள். உண்மைதான். பயம் இல்லாமல் இருந்தது என்று சொல்ல மாட்டோம். ஆனால் பயம் வரும்போது கையும் காலும் என்ன செய்ய வேண்டும் என்பதை அறிந்திருந்தன.

சவர்க்காரமும் தட்டுப்பாடான காலம் அது. எங்கள் வீடுகளில் பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தார்கள். பாடசாலைக் கிணற்றடியில் ஒரு சிரட்டையில் அடுப்புச் சாம்பல் வைத்திருந்தார் ரீச்சர். பொருள் மாறியது, ஒழுங்கு மாறவில்லை. சோடியாகப் போய் ஒருத்தி ஊற்ற மற்றவள் கழுவினோம்.

இனி, மருத்துவம் கற்ற பிறகு இதைப் பற்றி நாங்கள் விளங்கிக்கொண்டதைச் சொல்கிறோம்.

ஐந்து வயதுப் பிள்ளை சொன்னதைக் கேட்கவில்லை என்று முறைப்படுகிறோம். "பையை வைச்சிட்டு, கொப்பியை எடுத்து, பென்சிலைத் தீட்டிக்கொண்டு வந்து இரு" என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். அந்த வயதில் மனம் ஒரு நேரத்தில் தாங்கக்கூடியது இரண்டு அல்லது மூன்று கட்டளைகளே. திட்டமிடுவதற்கும் அவசரத்தை அடக்குவதற்கும் ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மனதை மாற்றுவதற்கும் உதவும் மூளையின் முன்பகுதி மிக மெதுவாக முதிர்கிறது. இருபது வயதைத் தாண்டியும் அது முதிர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே பிள்ளை மறப்பது குழப்படி அல்ல, வயது.

ஒரு காரியம் பழக்கமாகிவிட்டால் அதைச் செய்ய யோசனை தேவைப்படாது. அங்கே மிச்சப்படும் யோசனைதான் எழுத்துக்கும் எண்ணுக்கும் போகிறது. அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத பிள்ளை நாள் முழுவதும் ரீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். தெரிந்த பிள்ளை கொப்பியைப் பார்க்கும். மூன்று கிழமையாக "அ" எழுதாத எங்கள் வகுப்பு பிறகு விரைந்து எழுதியதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு. அதை 1995 இல் கண்ணால் கண்டோம்.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஓர் இரவில் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டி நடந்ததை இங்கே பலர் அனுபவித்திருக்கிறீர்கள். நாங்கள் அப்போது ஆண்டு 6. தென்மராட்சியில் ஒரு பாடசாலை இடம் தந்தது. காலையில் அவர்களுடைய பிள்ளைகள், மாலையில் நாங்கள். வகுப்பறை போதாததால் சின்னப் பிள்ளைகளுக்கு மாமரத்தடி கிடைத்தது. எங்கள் ரீச்சர் அந்த இரவில் எடுத்து வந்த பையில் இரண்டு சேலையும் ஆண்டு 1 இடாப்பும் இருந்தன. துணைக்கு ஆண்டு 6 பிள்ளைகளில் சிலரைக் கூப்பிட்டார். போனோம்.

முதல் நாள் வந்தவர்கள் பதினொரு பேர். மணலில் தடியால் ஒரு கோடு கீறினார். செருப்பு இருந்தவர்கள் அதில் வைத்தார்கள். இரண்டு மரங்களுக்கிடையே கயிறு கட்டி, பை கொழுவ ஈர்க்கில் வளையம் செய்யச் சொன்னார். பெரும்பாலான பிள்ளைகளிடம் பை இல்லை. சீலைத்துண்டில் முடிந்த பொட்டலங்கள்தாம். அவற்றையும் கொழுவினோம். பிறகு இடாப்பைத் திறந்து எல்லாப் பெயரையும் வாசித்தார். பதில் வராத பெயருக்குக் கொஞ்ச நேரம் பொறுத்து, "பிறகு வருவா" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். அந்தப் பட்டியலை ஒவ்வொரு மாலையும் அப்படியே வாசித்தார். சிலர் பிறகு வந்தார்கள். சிலர் வன்னிக்குப் போயிருந்தார்கள். சிலர் வரவேயில்லை.

அந்தப் பதினொருவரில் ஒரு பிள்ளை நடந்து வந்த நாளிலிருந்து வாய் பேசவில்லை. தாயும் தகப்பனும் பக்கத்தில் இருந்தும் பேசவில்லை. ரீச்சர் அவளை எதுவும் கேட்கவில்லை; பெயர் வாசிக்கும்போது அவளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வரவு போடுவார். இரண்டாம் கிழமை, புதிதாக வந்த ஒரு சிறுமி தெரியாமல் அவளுடைய வளையத்தில் தன் பொட்டலத்தைக் கொழுவினாள். "அது என்ரை இடம்" என்றாள் பேசாதிருந்தவள். நாங்கள் ரீச்சரைப் பார்த்தோம். அவர் ஒன்றுமே நடக்காதது போல, "ஓம் பிள்ளை, அது உங்கடை இடம்தான்" என்று சொல்லிவிட்டுப் புதியவளுக்கு வேறு வளையம் கட்டினார்.

வீடும் ஊரும் போன பிள்ளைக்கு ஒரு கயிற்றில் நாலு விரல்கிடை அளவு இடம் மிஞ்சியிருந்தது. நாளைக்கும் அது அங்கேயே இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பேரிடரைக் கண்ட பிள்ளைகளுக்கு நாங்கள் இன்று எழுதும் ஆலோசனைகளில் முதலாவது, கூடிய விரைவில் வழமையான நாள் ஒழுங்குக்குத் திருப்புங்கள் என்பது. அதை ரீச்சர் எந்தப் புத்தகமும் பாராமல் செய்தார்.

புகழ்ந்துவிட்டு மட்டும் போனால் நாங்கள் நேர்மையாக நடந்தவர்கள் ஆக மாட்டோம். ஒழுங்கு பிள்ளையைக் காக்கவும் கூடும், காயப்படுத்தவும் கூடும். எங்கள் குழுவில் வந்த பதில்களில் இரண்டு கசப்பானவை. எழுதியவர்களின் அனுமதியோடு சொல்கிறோம்.

ஒன்று, பேன் பார்த்தது. பின்னொரு வகுப்பில் திங்கட்கிழமை காலையில் நகமும் தலையும் பார்ப்பது வழக்கம். வழக்கம் நல்லது. ஆனால் பேன் இருந்தவளை எழுப்பி எல்லோருக்கும் முன்னால் நிறுத்தி, பின் வாங்கில் தனியே இருத்தினார்கள். அவள் ஒரு கிழமை பாடசாலைக்கு வரவில்லை. "எனக்குப் பேன் போய் முப்பது வருசம், அந்த வாங்கு இன்னும் போகேல்லை" என்று எழுதியிருந்தாள். பேன் அழுக்கால் வருவதல்ல. தலையோடு தலை முட்டி விளையாடும் எந்தப் பிள்ளைக்கும் வரும். தனியே கூப்பிட்டுத் தாயிடம் ஒரு துண்டு எழுதி அனுப்பினால் போதும்.

மற்றது, மலசலகூடம். இடைவேளைக்கு மட்டுந்தான் போகலாம் என்று ஒரு வகுப்பில் சட்டம். எங்களில் ஒருத்தி கேட்க வெட்கப்பட்டு, காலையில் தண்ணீர் குடிக்காமலே வரப் பழகிவிட்டாள். சில மாதத்தில் நடுக்கத்தோடு காய்ச்சல். சிறுநீரகத்தில் கிருமி ஏறி ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

இது பழைய கதை அல்ல. இன்றும் எங்கள் கிளினிக்குகளுக்கு இப்படிச் சிறுமிகள் வருகிறார்கள். பெண் பிள்ளைகளின் சிறுநீர் வழி நீளம் குறைந்தது. கிருமி மேலே ஏறுவது இலகு. தண்ணீர் குடியாமலும் சிறுநீரை அடக்கியும் வைத்தால் தொற்று வரும். மலத்தை அடக்கினால் மலச்சிக்கல் வரும்; மலச்சிக்கல் சிறுநீர்த் தொற்றை இன்னும் கூட்டும். சிறுநீர் கழிக்கும்போது எரிவு, அடிவயிற்று நோ, காரணமில்லாத காய்ச்சல், படுக்கையை நனைப்பதை விட்ட பிள்ளை மறுபடி நனைப்பது ஆகியவற்றைக் கண்டால் ஏசாமல் வைத்தியரிடம் கொண்டு வாருங்கள். முன்னிருந்து பின்னாகக் கழுவும்படி வீட்டிலேயே பழக்குங்கள்.

ஆகவே ஒரு பழக்கத்தை வகுக்கும்போது ஆசிரியர் தன்னைத் தானே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: இது பிள்ளைக்கு இலகுவா, எனக்கு மட்டும் இலகுவா? வகுப்பு அமைதியாக இருப்பதற்காக மட்டும் போடப்பட்ட சட்டத்துக்கு எங்கோ ஒரு பிள்ளை உடம்பால் விலை கொடுத்துக்கொண்டிருக்கும்.

இனி இன்றைய வகுப்பறைக்கு வருவோம். இங்கே இருக்கும் இளம் ஆசிரியர்கள் எங்களைவிடக் கற்பித்தலில் தேர்ந்தவர்கள். தரம் 1 இன் முதல் வாரங்களைப் பாடத்துக்கு விடாமல் பிள்ளைகளை இனங்காணும் செயற்பாடுகளுக்கு ஒதுக்கும் முறை எங்கள் காலத்தில் இல்லை, இன்று இருக்கிறது. அந்த வாரங்களை ஒழுங்கைப் பழக்கவும் பயன்படுத்தலாம். எங்கள் அனுபவத்திலிருந்து சிலவற்றை முன்வைக்கிறோம்.

ஒரு நாளைக்கு ஒரு பழக்கம் போதும். முதலில் நீங்கள் செய்து காட்டுங்கள். பிறகு இரண்டு பிள்ளைகள் செய்யட்டும். அதன் பிறகு எல்லோரும். அடுத்த நாள் புதியதைத் தொடங்குமுன் பழையதை ஒருமுறை செய்யுங்கள். சொல்லைவிடப் படம் நல்லது. காலை முதல் மதியம் வரை நடப்பவற்றை ஐந்தாறு படமாகக் கீறிச் சுவரில் பிள்ளையின் கண் மட்டத்தில் ஒட்டுங்கள். முடிந்த வேலையின் படத்தைத் திருப்பிவிட ஒரு பிள்ளையை நியமியுங்கள்.

வேலை மாறும் நேரங்களில்தான் வகுப்பு குழம்பும். அதற்கு ஒரே ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்: மூன்று கைதட்டு, சின்ன மணி, அல்லது ஒரு பாட்டின் இரண்டு அடி. இன்று கைதட்டு, நாளை மணி என்று மாற்ற வேண்டாம். சத்தம் போட்டு அடக்கிய வகுப்பு சத்தத்துக்கு மட்டுந்தான் அடங்கும்.

எல்லாப் பிள்ளைக்கும் முறைவைத்து ஒரு பொறுப்புக் கொடுங்கள். கரும்பலகை துடைப்பது, பாய் சுருட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, போத்தல்களை அடுக்குவது. கெட்டிக்காரிக்கு மட்டும் கொடுத்தால் மற்றவர்கள் பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள்.

கை கழுவுவதை இடைவேளைக்கு முன்பும் மலசலகூடத்துக்குப் பின்பும் தவறாத வழக்கமாக்குங்கள். சவர்க்காரத்தோடு இருபது வினாடியாவது தேய்க்க வேண்டும். ஐந்து வயதுக்கு வினாடி தெரியாது. ஆறுதலாக இருபது வரை எண்ணச் சொல்லுங்கள். கணக்குப் பாடமும் அங்கேயே நடந்துவிடும்.

தண்ணீர் குடிப்பதற்கும் நேரம் வையுங்கள். காலையில் இரண்டு முறை எல்லோரும் ஒன்றாகப் போத்தலைத் திறக்கட்டும். மலசலகூடத்துக்குப் போக வாய் திறந்து கேட்க வேண்டாம். கதவருகே ஒரு அட்டையைக் கொழுவி, அதைத் திருப்பிவிட்டுப் போகும் முறை வையுங்கள். வெட்கப்படும் பிள்ளைக்கு அது பேருதவி.

இருக்கும் இடத்தைக் கிழமைக்கு ஒரு வரிசை மாற்றுங்கள். முன்னால் இருந்தபோது ஒழுங்காக எழுதியவள் பின்வரிசைக்குப் போனதும் பக்கத்துக் கொப்பியைப் பார்த்து எழுதினால், அது களவு என்று முடிவு கட்டுமுன் கண்ணைச் சோதிக்க அனுப்புங்கள். பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்கு வரும். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தப் பிள்ளையைக் கண்டுபிடிக்கக்கூடியவர் நாளாந்தம் பார்க்கும் நீங்கள்தான்.

வெள்ளிக்கிழமை கடைசி அரை மணித்தியாலத்தை வகுப்பையும் வளவையும் பார்ப்பதற்கு ஒதுக்குங்கள். பூச்சாடித் தட்டு, சிரட்டை, யோகட் கோப்பை, மூடி தொலைந்த வாளி எல்லாவற்றிலும் தேங்கிய நீரை வார்த்துவிட வேண்டும். ஏன் கிழமைக்கு ஒருமுறை என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக வளர ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாட்கள் எடுக்கும். அதற்குள் தண்ணீரை ஊற்றிவிட்டால் அது பறக்காது. மாரி மழையோடு டெங்கு கூடும் எங்கள் மாவட்டத்தில் இந்தப் பழக்கம் உயிர் காக்கும்.

விடுமுறை முடிந்து வரும் முதல் நாள் பிள்ளைகள் பலவற்றை மறந்திருப்பார்கள். கோபிக்காமல் மறுபடி தொடக்கத்திலிருந்து பழக்குங்கள். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு, விட்டு விட்டுத் திறந்த காலத்தைக் கடந்து வந்த பிள்ளைகளிடம், வரிசையில் நிற்பது, மற்றவள் பேசி முடிக்கும் வரை பொறுப்பது ஆகியவையும் குறைந்திருந்ததாக ஆசிரியர்கள் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அது பிள்ளைகளின் குற்றமல்ல. பழக்கம் தினமும் செய்தால்தான் நிற்கும்.

எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வேகம் வராது. ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு நாள் ஒழுங்கே பெரிய பற்றுக்கோடு. ஆனால் எதிர்பாராத மாற்றம் அவளைக் கலங்கடிக்கும். விளையாட்டுப் போட்டிக்கோ சரஸ்வதி பூசைக்கோ நேரசூசி மாறும் நாளை முதல் நாளே படத்தில் காட்டுங்கள். வீட்டில் மரணம் நடந்த பிள்ளைக்கும், பெற்றோர் வெளிநாடு போன பிள்ளைக்கும் சில நாட்கள் விட்டுக்கொடுங்கள். ஆனால் ஆணியையும் பெயரையும் எடுத்துவிடாதீர்கள்.

பெற்றோருக்கும் சில சொற்கள். வகுப்பறையின் ஒழுங்கு உங்கள் வீட்டில் முதல் நாள் இரவே தொடங்குகிறது. மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தோடு சேர்த்து 10 தொடக்கம் 13 மணித்தியாலத் தூக்கம் வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை 9 தொடக்கம் 12 மணித்தியாலம். காலை ஆறு மணிக்கு எழும்ப வேண்டிய பிள்ளை இரவு எட்டரைக்குள் படுத்தால்தான் கணக்குச் சரிவரும். பத்து மணி வரை கைத்தொலைபேசி பார்த்த பிள்ளையைக் காலையில் எந்த ரீச்சராலும் விழிக்க வைக்க முடியாது. பையை இரவிலேயே அடுக்கட்டும். நீங்கள் அடுக்காதீர்கள், பக்கத்தில் இருங்கள். காலையில் ஒரு பிடி பிட்டோ இரண்டு துண்டுப் பாணோ வயிற்றில் இருக்கட்டும். வெறும் தேத்தண்ணியோடு வரும் பிள்ளை ஒன்பது மணிக்கு மேசையில் தலை வைத்துவிடும். வாசலில் விடைபெறும் முறையும் ஒன்றாக இருக்கட்டும்: ஒரு கொஞ்சல், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்ற சொல், பிறகு திரும்பிப் பாராமல் போவது. பிள்ளை அறியாமல் ஒளித்துப் போகாதீர்கள். சொன்ன நேரத்துக்கு வாருங்கள். அம்மா வருவா என்ற நம்பிக்கையும் ஒரு பழக்கந்தான்.

கடைசியாக, எங்கள் அக்காமாருக்கும் தங்கைமாருக்கும் ஒரு விண்ணப்பம்.

நூற்றாண்டு நிதியை எதற்குச் செலவிடுவது என்று ஒவ்வொரு கிளையிலும் பேசுகிறோம். வாசலில் நூற்றாண்டு வளைவு வேண்டும் என்கிறார்கள் சிலர். பெரிய திரையுள்ள வகுப்பறை வேண்டும் என்கிறார்கள் சிலர். இரண்டும் அழகானவை, அவற்றை விரும்புவோரின் அன்பில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் இன்று காலை ஆரம்பப் பிரிவுக் கட்டிடத்தைச் சுற்றிப் பார்த்தோம். கை கழுவும் குழாய்கள் பெரியவர்களின் உயரத்தில் இருக்கின்றன. தரம் 1 பிள்ளைகள் எட்டிப் பிடித்துச் சட்டையை நனைக்கிறார்கள். மலசலகூடக் கதவின் கொளுக்கி அவர்களுக்கு எட்டவில்லை. ஒருத்தி போக மற்றவள் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஒருத்தி ஊற்ற மற்றவள் கழுவிய எங்கள் காலத்தின் நல்ல பக்கமும் அதுதான், குறையும் அதுதான்.

வளைவைப் பிறகு கட்டலாம். முதலில் இரண்டடி உயரத்தில் ஒரு வரிசைக் குழாய், எட்டுகிற கொளுக்கி, தீராத சவர்க்காரம், சுத்தம் செய்ய ஒருவருக்கு மாதச் சம்பளம். இவற்றைச் செய்வோம். திறப்பு விழாவுக்கு நாடா வெட்ட அதில் பெரிதாக ஒன்றுமில்லை. பெயர்க்கல் பதிக்கவும் இடமில்லை. ஆனால் அடுத்த தையில் சேரும் பிள்ளை தண்ணீர் குடிக்கப் பயப்பட மாட்டாள்.

எங்கள் ரீச்சர் இன்று இல்லை. எங்கள் முப்பத்தெட்டுப் பேரிலும் மூவர் இல்லை. மூவரையும் யுத்தம் கொண்டுபோனது. வருடத்துக்கு ஒருமுறை திரையில் ஒன்றுகூடும்போது எங்களில் ஒருத்தி ஆண்டு 1 இடாப்பு ஒழுங்கில் பெயர் வாசிப்பாள். முப்பத்தெட்டுப் பெயரையும் வாசிப்போம். பதில் வராத மூன்று இடத்திலும் கொஞ்சம் பொறுப்போம். பிறகு அடுத்த பெயருக்குப் போவோம். அதுவும் அவர் பழக்கியதுதான்.

 நூறு ஆண்டு கண்ட எங்கள் கல்லூரி அன்னை நீடு வாழ்க.